மணைமேல் நின்ற மெட்டல் கச்சேரி

சில மாதங்களுக்கு முன்பு நிவேதா வீட்டுக்கு வந்தாள். காஞ்சிபுரத்தில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறவள். நான் தொழிலை விட்ட பிறகு என் வாடிக்கைக்காரர்கள் எல்லாம் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த உரிமையில் அவ்வப்போது வந்து சந்தேகம் கேட்பாள். அன்றைக்கு ‘அயர்ன் கோபுரம்’ குழுவின் லைவ் ஆல்பத்தைத் தன் செல்பேசியில் ஏதோ ஒரு செயலிக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அது கிதார் தனியாக, டிரம்ஸ் தனியாக, குரல் தனியாக என்று கறிக்கடைக்காரர் கூறு போடுகிற மாதிரி பிரித்துக் கொடுத்துவிட்டது.

“சார், ‘எழு’ பாட்டுக் கடைசியில ஒரு கத்தல் வருதுல்ல? தனியாக் கேட்டா சாலமன் சார் குரல் மாதிரியே இல்ல. நெட்ல இதுக்குத்தான் சண்ட போட்டுக்கினு இருக்கறாங்க. ஸ்டூடியோல பின்னாடி பாடி ஒட்டுனதுன்றாங்க சில பேரு. பழைய கேசட்லேர்ந்து உருவிப் போட்டதுன்றாங்க சில பேரு. எது சார் நெஜம்?”

“ரெண்டும் இல்லம்மா. மேடையில வந்ததுதான்.”

“அப்போ யாரு கத்துனது?”

பதில் சொல்ல அன்றைக்கு எனக்கு அனுமதி இல்லை. இப்போது கொடுக்க வேண்டிய இரண்டு பேரும் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மைக் செட் கடையில் தொடங்கியவன். புனல் ஸ்பீக்கரை மரத்தில் ஏறிக் கட்டுவது, காதுகுத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயரைத் தள்ளிக்கொண்டு ஓடுவது என்று சில வருஷம். பிறகு சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளன். வயர் சுருட்டினேன், டீ வாங்கி வந்தேன், ஒருநாள் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நடுவில் நடந்ததைச் சொல்லி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆனால் அங்கே தலைமை ஒலிப்பதிவாளராக இருந்த சபாபதி சாரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. காலையில் வந்ததும் கை கழுவுவார். வீட்டிலிருந்து கொண்டுவந்த துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். அதற்குப் பிறகுதான் மிக்ஸிங் மேசையைத் தொடுவார். யாரையும் கடிந்து பேசமாட்டார். பாடகர் சரியாகப் பாடினால், “நல்லா இருந்துச்சு” என்பார். சொதப்பினால், “ரொம்ப நல்லா இருந்துச்சு, அதே மாதிரி இன்னொண்ணு குடுங்க” என்பார். வெளியாட்களுக்கு இந்தக் கணக்குப் புரியாது. அவர் வாயிலிருந்து ‘ரொம்ப’ வந்தாலே நாங்கள் டேப்பைத் திருப்பிச் சுற்றத் தொடங்கிவிடுவோம்.

அந்த மேசையில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ‘சோலோ’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் மற்ற எல்லாச் சத்தமும் அடங்கி அந்த ஒரு மைக்கில் விழுந்தது மட்டும் கேட்கும். வயலின் இல்லை, தபலா இல்லை, எதிரொலி இல்லை. மூச்சு வாங்குவது, எச்சில் விழுங்குவது, சுருதி நூல் இழை விலகுவது எல்லாம் பச்சையாகக் கேட்கும். நாங்கள் வேலை செய்ய அது வேண்டும். ஆனால் பாடகர் பக்கத்தில் இருக்கும்போது அதைத் தொடக்கூடாது என்பது சபாபதி சாரின் சட்டம்.

எனக்கு அது தெரிவதற்கு முன்பு, ஒரு பக்திப் பாடகி எதிரிலேயே அழுத்திவிட்டேன். அந்த அம்மாள் தன் குரலைத் தனியாகக் கேட்டார். முகம் சுண்டிப் போயிற்று. “நான் இப்படியா பாடறேன்?” என்று ஒரே கேள்விதான். அன்றைக்கு அவரால் மேற்கொண்டு பாட முடியவில்லை. அவர் போன பிறகு சபாபதி சார் என்னைத் திட்டவில்லை. “சமையல்கட்டுல நடந்தத பந்தியில சொல்லக் கூடாது தம்பி” என்றார். அதன்பிறகு யாராவது பாடகர் தன் குரலைத் தனியாகக் கேட்டால், பொத்தான்மேல் ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டு, “இது கெட்டுப்போய்க் கெடக்குதும்மா” என்பார். அவர் ஓய்வு பெறும்வரை அந்தப் பொத்தான்கள் வேளைக்கு ஒன்றாகக் கெட்டுப்போய்க்கொண்டே இருந்தன.

‘அயர்ன் கோபுரம்’ எனக்கு அறிமுகமானது அந்தக் காலத்தில்தான். காஞ்சிபுரத்துக் கல்லூரிப் பையன்கள் நாலு பேர். ஊரே நாதஸ்வரத்தில் விடிகிற ஊரில் இவர்களுக்கு ஹெவி மெட்டல் பித்து. பாடுகிறவன் சாலமன், சர்ச்சில் பாடிப் பழகியவன். பேஸ் கிதார் வாசிக்கிறவன் குமரவேல். நெசவுக் குடும்பத்துப் பிள்ளை, வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். டிரம்ஸுக்கு லோகு, கிதாருக்கு பாபு. ஊர்க்காரன் என்ற பாசத்தில் சபாபதி சாரிடம் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஒரு கேசட் பதிவு செய்து கொடுத்தேன். அதில்தான் ‘எழு’ பாட்டு. கடைசியில் எல்லா வாத்தியமும் ஏறி நிற்க, சாலமன் அந்த ஒரு சொல்லை இழுத்துக் கத்துவான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு ரோமம் நின்றது. சபாபதி சார் முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, “ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து போகிறவர் வாசலில் நின்று, “அந்தக் கடைசிக் கத்தல், அது நல்லா இருந்துச்சு” என்றார்.

சில காலம் கழித்துச் சென்னையில் ஒரு கல்லூரி விழா மேடையில் அதே கத்தலில் சாலமனின் குரல் உடைந்தது. கூட்டம் சிரித்தது. அது கூடப் பரவாயில்லை. பக்கத்தில் குமரவேல் வாசிப்பதை நிறுத்திவிட்டு நின்று அவனையே பார்த்தானாம். ஊர் திரும்பும் வேனில் இரண்டு பேருக்கும் அடிதடி. குழு அத்தோடு சரி. சாலமன் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் ஆனான், மைதானத்தில் கத்திக் கத்தித் தொண்டையைத் தேய்த்துக்கொண்டான். குமரவேல் காந்தி ரோட்டில் பட்டுப்புடவைக் கடை போட்டான். ஒரே ஊர். எதிர்ப்பட்டால் ஒருவன் கடைப்பலகையைப் படிப்பான், மற்றவன் வண்டிகளை எண்ணுவான். அப்படியே இரண்டு பேருக்கும் தலை நரைத்தது.

யாரோ அந்தப் பழைய கேசட்டை இணையத்தில் ஏற்றிவிட, அப்போது பிறந்தே இராத பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து வந்து ‘எழு’ பாடத் தொடங்கினார்கள். வெளிநாட்டில் இருந்த லோகு விடுமுறையில் வந்து இவர்களைப் பிடித்து உட்கார வைத்தான். ஒரே ஒரு கச்சேரி, அதைப் பதிவு செய்து ஒரு லைவ் ஆல்பம். சென்னையை விட்டு ஊரோடு வந்து, பிள்ளையார்பாளையத்தில் வீட்டறையில் கம்ப்யூட்டர் வைத்து வேலை செய்துகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். இதோடு தொழிலை விட்டுவிடலாம் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன்.

ஒத்திகையில் எல்லாம் வாசித்தார்கள், பேசத்தான் மாட்டார்கள். “லோகு, பேஸ் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுபா” என்பான் சாலமன். குமரவேல் நாலடி தள்ளித்தான் நிற்பான். “லோகு, கொறச்சிட்டன்னு சொல்லு” என்பான். லோகு இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பியே கழுத்துப் பிடித்துக்கொண்டது.

கச்சேரிக்கு ஓரிக்கை போகிற சாலையில் ஒரு கல்யாண மண்டபம். ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது; கேட்டதும் கிடைத்தது. ஆடியில் மண்டபம் காலியாக இருக்கும் என்று கணக்குப் போட்டவர்கள், ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், தெருவுக்குத் தெரு புனல் ஸ்பீக்கர் அலறும் என்பதை மறந்துவிட்டார்கள். இத்தனைக்கும் அந்தக் கூழை வரிசையில் நின்று குடித்து வளர்ந்தவர்கள்தான் நாலு பேரும்.

காலையில் பூட்ஸ் காலோடு ஏறி ஒத்திகை பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் கூட்டம் வந்து நிறைந்த பிறகு மண்டபத்து மேனேஜர் மேடைப் படியில் வந்து நின்றார். “இது மணமேடைபா. அக்னி வளக்கற எடம். செருப்போட ஏறக் கூடாது.” தகராறு வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. நாலு பேரும் மறுபேச்சில்லாமல் குனிந்து பூட்ஸைக் கழற்றினார்கள். கறுப்பு டி-ஷர்ட்டில் மண்டையோடு, மணிக்கட்டில் ஆணி வைத்த தோல் பட்டை, காலில் ஒன்றுமில்லை. குமரவேல் ஏறும்போது படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதையும் பார்த்தேன்.

மேடையை அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். சாலமன் ஈரக் கல்லில் வெறுங்காலோடு நின்று மைக்கைப் பிடித்து உதட்டை வைத்தான். “ஐயோ, ஷாக்கு” என்று கையை உதறினான். அந்த மண்டபத்தில் எர்த் என்பது பெயருக்குத்தான். காலையில் பூட்ஸ் காப்பாற்றியிருக்கிறது. கூட்டம் கூச்சல் போடுகிறது; ஒயரிங்கைப் பிரித்துப் பார்க்க நேரமில்லை. கனமான மரப்பலகை ஏதாவது வேண்டும் என்று மேனேஜரைக் கேட்டேன். சாமான் அறையைத் திறந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற மணைகளை எடுத்துக் கொடுத்தார். விளிம்பில் மாக்கோலம் வரைந்த நல்ல பலாப்பலகை. துடைத்து, சாலமனுக்கு ஒன்று, குமரவேலுக்கு ஒன்று, பாபுவுக்கு ஒன்று போட்டு, மைக்கெல்லாம் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கையசைத்தேன்.

“மாப்ள மணையேறிட்டாருபா, பொண்ணு எங்க?” என்றான் லோகு. சாலமன் சிரிக்கவில்லை. குமரவேல் வழக்கம்போல வேறு எங்கோ பார்த்தான்.

கச்சேரி நன்றாகவே நடந்தது. மெட்டல் பாடகன் மேடையெல்லாம் ஓடுவான். சாலமன் மணையைவிட்டு இறங்க முடியாமல் நின்ற இடத்திலேயே ஆடினான். கடைசியில் ‘எழு’. அந்தக் கத்தல் வந்தது. மண்டபம் அதிர்ந்தது. நான் அப்போது மின்சார மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காதில்தான் விழுந்தது. முடிந்து இறங்கி வந்த சாலமன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண் நிறைந்திருந்தது. “தாண்டிட்டண்ணா. அந்த எடத்தத் தாண்டிட்டேன்” என்றான். அவ்வளவு சந்தோஷமான மனிதனை நான் தொழிலில் அதிகம் பார்த்ததில்லை.

மறுநாள் வேலையை ஆரம்பித்தேன். ஆரவாரத்தைப் பிடிக்கக் கூட்டத்துக்கு மேலே தொங்கவிட்ட மைக்குகளில் அம்மன் பாட்டு. நடுநடுவே, “சேப்புப் பாவாட போட்ட கொழந்த மேடைகிட்ட நிக்கிது, பெத்தவங்க வந்து இட்டுக்கினு போகவும்” என்ற அறிவிப்பு. பாதிப் பாட்டுக்கு அவற்றை நம்ப முடியாது. அதனால் மேடை மைக்குகளையே ஒவ்வொன்றாகச் சோலோ போட்டு, எதில் என்ன விழுந்திருக்கிறது என்று முழுசாகக் கேட்க வேண்டியதாயிற்று. வேறு கச்சேரியாக இருந்தால் இத்தனை பொறுமையாகக் கேட்டிருக்க மாட்டேன்.

‘எழு’ கடைசிக்கு வந்தேன். சாலமன் மைக்கில், “எ” என்று தொடங்குகிறது. பிறகு காற்று. வெறும் மூச்சுக் காற்று. தூரத்தில் எங்கிருந்தோ ஒரு கத்தல் கசிந்து விழுகிறது. குமரவேலுக்குக் கோரஸில் ‘ஓ’ போட ஒரு மைக் வைத்திருந்தேன். அதைத் தனியாகப் போட்டேன். கத்தல் முழுக்க அதில் இருந்தது.

புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மேடையில் பாடகர்கள் கேட்பதற்காகக் காலடியில் வைக்கிற ஸ்பீக்கரில் இரண்டு பேர் குரலும் சேர்ந்துதான் வரும். சாலமன் கண்ணை மூடி, வாயைத் திறந்து, தொண்டையை அழுத்தினான். எதிரே ஸ்பீக்கரிலிருந்து கத்தல் வந்தது. தன்னுடையது என்று நம்பிவிட்டான். நம்பாமல் என்ன செய்வான்?

காந்தி ரோட்டுக்குப் போனேன். குமரவேல் வாடிக்கைக்காரர்களுக்குப் புடவை விரித்துக்கொண்டிருந்தான். அவர்கள் போகிறவரை உட்கார்ந்திருந்தேன்.

“நீயா?” என்றேன்.

எதை என்று அவன் கேட்கவில்லை. புடவையை மடித்துக்கொண்டே பேசினான். “வாயத் தொறந்துக்கினு நிக்கிறான், சத்தம் வரலண்ணா. அன்னிக்கு மாதிரி நின்னு பாத்துக்கினு இருக்க என்னால முடியல.”

“அப்படி ஒரு குரல் உன்கிட்ட இருந்ததே யாருக்கும் தெரியாதே.”

“கடையில கத்த முடியாதுல்லண்ணா. மொத்தமா சேந்து கெடந்துச்சு.” மடிப்பைத் தடவிவிட்டான். “எம் பேரு போடாதீங்க. அவனுக்குச் சொல்லாதீங்க.”

சரி என்றேன். சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமான வேலை.

ஒரு வாரத்தில் சாலமன் என் அறைக்கு வந்தான். பாட்டை முழுசாகப் போட்டுக் காட்டினேன். கத்தல் வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டான். முடிந்ததும், “அந்தக் கத்தல மட்டும் தனியா வெட்டிக் குடுங்கண்ணா. போன்ல ரிங்டோனா வெச்சிக்கிறேன்” என்றான்.

பாட்டோடு சேர்த்து வெட்டித் தருகிறேன் என்றேன்.

“வேணாம்ணா. எங்கொரல் மட்டும்.”

“அந்தப் பொத்தான் கெட்டுப்போய்க் கெடக்குதுபா.”

“கம்ப்யூட்டர்ல ஏதுண்ணா பொத்தானு, கெட்டுப்போறதுக்கு?” என்று சிரித்தான்.

எனக்கு இரண்டு வழி இருந்தது. குமரவேலின் கத்தலை வெட்டிக் கொடுத்துவிடலாம். இவன் சாகும்வரை யார் போன் செய்தாலும் அதைக் கேட்டுப் பெருமைப்படுவான். சபாபதி சார் கற்றுக்கொடுத்தது மறைப்பது மட்டும்தான். ஒருவன் குரலை எடுத்து, இது உன்னுடையது என்று இன்னொருவன் கையில் கொடுக்க அவர் கற்றுக்கொடுக்கவில்லை. மறைக்கிறவரைக்கும் அது மரியாதை, கொடுத்தால் மோசடி. என்னால் கொடுக்க முடியவில்லை. அவன் மைக்கைச் சோலோ போட்டேன்.

“எ.” காற்று. தூரத்தில் கத்தல்.

அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னொரு தரம் போடுங்க.”

போட்டேன்.

“யாருண்ணா?”

குமரவேலுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் மேடையில் இருந்தது எத்தனை மைக்? சாலமனே கையை நீட்டி, திரையில் அடுத்த வரிசையை அழுத்தினான். கத்தல் அறையை நிறைத்தது.

“குமரவேலுடா இது” என்றான், எனக்கில்லை, தனக்கே.

பிறகு கோபம் வந்தது. “இவன யாரு கத்தச் சொன்னது? மைக் வைங்கண்ணா, இப்பவே பாடறேன், அத எடுத்துட்டு இதப் போடுங்க” என்றான். லைவ் ஆல்பங்களில் இது நடக்காததில்லை. மேடையில் பாடியது என்று ரசிகர்கள் நினைப்பதில் பல இடம் பிறகு ஒட்டுப் போட்டது. நான் மறுபேச்சுப் பேசாமல் மைக் வைத்தேன். அவன் முன்னால் போய் நின்றான். மூச்சை இழுத்தான். பாடாமல் என் பக்கம் திரும்பினான்.

“அன்னிக்கு அவன் நின்னு பாத்தான்ல, சிரிச்சிக்கினு பாக்கறான்னு நெனச்சண்ணா. இத்தன வருசமும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்” என்றான். “பயந்துபோய் நின்னிருக்கறான்.”

மைக்கை அவனே கழற்றி என் கையில் கொடுத்தான். “இருக்கறது இருக்கட்டும். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம்.”

ஆக, அவன் சொல்லாதே என்றான். இவனும் சொல்லாதே என்றான். இரண்டு பேர் ரகசியத்தையும் வைத்துக்கொண்டு ஆல்பத்தை முடித்துக் கொடுத்தேன். ஒரு சுரத்தைக்கூட மாற்றவில்லை. அட்டையில் வெறுங்காலோடு நாலு கிழட்டு மெட்டல்காரர்கள், மூன்று பேர் மணைமேல். அந்தப் படத்துக்கே தனியாக ரசிகர்கள் உண்டு என்று நிவேதா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவள் அந்தச் செயலியோடு வந்து போன பிறகு சாலமனைக் கூப்பிட்டேன். ஆல்பமே போலி என்று பேசுகிறார்கள், உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். “எழுதுங்கண்ணா. ஆனா அடுத்த கச்சேரி முடியட்டும்” என்றான். ஏன் என்று கேட்டேன். “முடியட்டும்ணா” என்று வைத்துவிட்டான்.

ஆல்பம் பிரபலமாகி வந்த அடுத்த கச்சேரி ஒரு கல்லூரி அரங்கில். நல்ல எர்த், மரத்தளம், பூட்ஸுக்குத் தடையில்லை. ஆனாலும் மணைகளைக் கேட்டு வாங்கி வந்திருந்தார்கள்; ரசிகர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்களாம். ஒலி வேலை நிவேதாவுடையது. நான் பார்வையாளனாகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். காலையில் ஒத்திகை. குமரவேல் இன்னும் மேடை ஏறவில்லை. சாலமன் போய் அவனுடைய மைக்கை ஸ்டாண்டோடு தூக்கி ஓரமாக வைத்தான். அவனுடைய மணையைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து தன் மணையை ஒட்டிப் போட்டான். பிறகு நேராகக் குமரவேலைப் பார்த்துப் பேசினான். லோகு தூது போகவில்லை.

“இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? ஏறு. அந்த எடம் எனக்கு எட்டல. நீ போடு.”

குமரவேல் என்னைப் பார்த்தான். சொன்னது நான் இல்லை என்று தலையசைத்தேன். சாலமனே கண்டுபிடித்துவிட்டான் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான்.

‘எழு’ கடைசிப் பகுதியை வாசித்தார்கள். சாலமன் தொடங்கினான், அவன் குரல் நின்ற இடத்திலிருந்து குமரவேல் எடுத்தான். ஒரே மைக்கில் இரண்டு நரைத்த தலை. சபாபதி சார் இருந்திருந்தால் “நல்லா இருந்துச்சு” என்றிருப்பார். ‘ரொம்ப’ போட்டிருக்க மாட்டார்.

நிவேதா மட்டும் மேசையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். “சார், இதையும் ரெக்கார்ட் பண்ணச் சொல்லியிருக்கறாங்க. ஒரே மைக்ல ரெண்டு பேரும் கத்துனா, அப்புறம் நான் எப்படி சார் பிரிக்கறது?”

“பிரிக்காதம்மா” என்றேன்.